40 விழுக்காட்டு வரம்பு

இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. மாற்றுத்திறனாளி சான்றிதழில் குறைபாட்டின் அளவு 40 விழுக்காடோ அதற்கு மேலோ உள்ள பிள்ளை, 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம். இந்த எண்ணைப் பிள்ளையின் அறிவுக்கு இட்ட மதிப்பெண் என்று நினைத்துப் பெற்றோர் கலங்க வேண்டியதில்லை. அது உரிமைக்கான சட்ட வரம்பு மட்டுமே. 40க்குக் கீழ் என்றால் எதுவும் கிடையாது என்பதும் தவறு: அனைவரையும் உள்ளடக்கிய கல்வியைக் கூறும் 16ஆம் பிரிவில் அந்த வரம்பு இல்லை. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதித்தர ஆள், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாட விலக்கு ஆகியவற்றை 17ஆம் பிரிவு குறிப்பிடுகிறது.

சான்றிதழ் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் வாசிக்கத் திணறும் பிள்ளையைச் சோம்பேறி என்பதும் முத்திரைதான். அந்த முத்திரையால் ஓர் உதவியும் கிடைக்காது. இந்த உதவிகளைப் பள்ளி மறுத்தால், பெற்றோர் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்க வேண்டும்.