ஸரந்தீப் உருக்கும் ரூஸ் நாட்டுக் குளிரும்

அல்-கிந்தி 9ஆம் நூற்றாண்டில் வாள்கள் பற்றி எழுதிய நூலில் ஸரந்தீப் உருக்குக்கும் இடமுண்டு. எம்மவர் இதைப் பெருமையோடு எடுத்துக்காட்டுவர், அதில் தவறில்லை. சமனலவெவப் பகுதியில் தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்ட உலைகளை ஆய்வாளர் கிலியன் ஜுலெஃப் அகழ்ந்தெடுத்தார். அதே மாதிரி உலையொன்றைக் கட்டி எரித்தும் பார்த்தார். உயர்கரிம உருக்கு கிடைத்தது. 1996இல் ‘நேச்சர்’ இதழ் அம்முடிவுகளை வெளியிட்டது.

ஆனால், வெட்டுவது வேறு. அடி தாங்குவது வேறு. கரிமம் கூடக்கூட உருக்கு கடினமாகும், விளிம்பு எளிதில் மழுங்காது. கூடவே நொறுங்கும் இயல்பும் வளரும். குளிரில் அது இன்னும் மோசம்.

இந்த மறுபக்கத்தை 11ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தவர் அல்-பிரூனி. கனிமங்கள் பற்றிய தமது நூலில் ரூஸ் மக்களின் வாள்களை அவர் விவரிக்கிறார். ‘ஃபூலாத்’ எனப்பட்ட உயர்தர உருக்கு அந்நாட்டுப் பனிக்காலத்தைத் தாங்காது, ஓங்கி வெட்டினால் ஒடிந்துவிடும் என்கிறார். (வாளின் அலைவரிகளை வியப்போர் இந்தப் பக்கத்தை ஏனோ புரட்டுவதில்லை.) ஆகவே ரூஸ் கொல்லர்கள் வாளை வன்னிரும்பில் அடித்தனர், நடுவே ஓடும் பள்ளத்துக்கு மட்டும் மென்னிரும்பை வைத்தனர். விளிம்பு வெட்டியது, நடுப்பகுதி அதிர்வை வாங்கிக்கொண்டது.