வேடமும் வேட்டையும்: பகாசுரன் முதல் ‘காட் ஈட்டர்’ வரை

அரக்கனை வேட்டையாட ஒருவர் இன்னொருவராக மாறுவது, பாத்திரமேற்று ஆடும் வீடியோ கேம்களின் அடிப்படை. சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் அது வீதியில் நிகழும் சடங்கு. இவ்விரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆயினும், வேட்டையாடுபவர் இரையின் இயல்பைத் தாமும் ஏற்றாக வேண்டும் என்ற கருத்து இரண்டிலும் உண்டு. அக்கருத்தின் மூன்று நிலைகளை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. பகாசுரனின் சோறு

சித்தூர் மாவட்டம் 1911இல் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு உருவானது. இங்குள்ள திரௌபதி சமேத தர்மராஜர் கோயில்களில் நடக்கும் பாரத விழா, தொண்டை மண்டலத்துத் திரௌபதி வழிபாட்டின் தொடர்ச்சி. பகலில் ஹரிகதை, இரவில் கூத்து. பகாசுர வதத்தன்று பீம வேடதாரி வண்டியேறி ஊரைச் சுற்றி வருகிறார். வீட்டார் உணவுப் பண்டங்கள் தருகிறார்கள். கதையில், வீட்டுக்கு வீடு முறைவைத்து ஓர் ஆளையும் ஒரு வண்டிச் சோற்றையும் கேட்பவன் பகாசுரன். பீமனோ அந்தச் சோற்றை அவன் கண்ணெதிரே தானே உண்டு தீர்க்கிறான். தீராப் பசியைத் தீராப் பசியே வெல்கிறது.

2. பாளையக்காரனும் துரையும்

திருப்பதி தாத்தய்யகுண்டா கங்கம்மா ஜாத்திரையில் எதிரி ராட்சசன் அல்லன். ‘பாலேகாடு’ எனப்படும் பாளையக்காரன். விஜயநகர ஆட்சியில் வேரூன்றி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் ஒடுக்கிய பாளைய முறையின் நினைவு அப்பெயரில் தங்கியிருக்கிறது. புராண அரக்கனின் இடத்துக்கு வரலாற்று அதிகாரம் வந்துவிட்டதை இது காட்டுகிறது.

ஊர்ப் பெண்களைச் சூறையாடிய அவன் கங்கம்மாவின் உக்கிரம் கண்டு ஒளிகிறான். அவள் கோலம் மாற்றி மாற்றித் தேடுகிறாள். ஆண்டுதோறும் மே மாதவாக்கில் கைகால குலத்து ஆடவர் அக்கோலங்களைப் பூணுகின்றனர்: உடலெங்கும் வெண்ணாமக்கட்டி பூசிய பைராகி, குங்குமம் பூசிய பண்ட, கரி பூசிய தோட்டி. நான்காவதாகத் துரை வேடம் வருகிறது. மேலதிகாரி வந்துவிட்டார் என்று வணங்க வெளியே வரும் பாளையக்காரனின் தலை விழுகிறது. எந்த அதிகாரத்தால் அவன் பிறரை நடுங்க வைத்தானோ, அந்த அதிகாரத்தின் உருவே அவனை முடிக்கிறது.

3. அரகமி

ஜப்பானின் ஷிஃப்ட் நிறுவனம் உருவாக்கி, 2010இல் பிஎஸ்பி கருவிக்கு வெளியான ‘காட் ஈட்டர்’ என்ற விளையாட்டு, 2071இல் பாழடைந்த உலகைக் காட்டுகிறது. ஓராக்கிள் செல்களின் திரளான ‘அரகமி’ எதையும் விழுங்கும். சாதாரண ஆயுதங்கள் அதனிடம் பலிக்காது. அதே செல்களாலான ‘காட் ஆர்க்’ மட்டுமே பலிக்கும். வாளாகவும் துப்பாக்கியாகவும் உருமாறும் அந்த ஆயுதம், வாய் பிளந்து அரகமியையே தின்னும். அதை ஏந்துபவர் கையில் காப்பு பூட்டப்பட்டு, உடலிலும் அதன் கூறு ஊசியாகச் செலுத்தப்படுகிறது. கட்டுப்பாடு தவறினால் அவரே அரகமியாகிவிடுவார்.

ஜப்பானிய மொழியில் அரகமி என்றால் உக்கிர தெய்வம். அந்த விளையாட்டில் உக்கிர தெய்வத்தை மனிதர் வேட்டையாடுகின்றனர். திருப்பதியில் உக்கிர தெய்வமே மனிதனை வேட்டையாடுகிறது.

முடிவு

பசி, அதிகாரம், செல் என விழுங்குவது எது என்பது காலந்தோறும் மாறியிருக்கிறது. அதனை வெல்ல அதன் கூறு ஒன்றை ஏற்க வேண்டும் என்பது மாறவில்லை. ஏற்றதை எப்படி இறக்கிவைப்பது என்பதில்தான் வேறுபாடு. ‘காட் ஈட்டர்’ வீரருக்கு வேட்டை தொடர்கதை. ஊசியும் காப்பும் அவர் உடலோடேயே இருக்கின்றன. ஜாத்திரையிலோ தலை விழுந்த மறுநாள் மாதங்கி வேடம் வருகிறது. பாளையக்காரனின் மனைவிக்கு ஆறுதல் சொல்லவே அம்மன் இக்கோலம் கொண்டாள் என்பது மரபு. கடைசி இரவில் கோயில் முன் களிமண்ணால் அம்மனின் விஸ்வரூப முகம் எழுகிறது. விடிவதற்குள் அந்த முகம் சிதைக்கப்பட, அதில் ஒரு பிடி மண்ணுக்காகக் கைகள் நீள்கின்றன. அந்த மண்ணை மக்கள் மருந்தென வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.

பாளையக்காரனைக் கொன்ற உக்கிரம் ஊருக்குள் தங்கிவிடக் கூடாது என்ற இந்த அறிவே ஜாத்திரையின் பெரும் பேறு. நம் மண்ணிலிருந்து வேட்டை விளையாட்டு படைக்க முனைவோர் வாளையும் வேடத்தையும் மட்டும் எடுத்துக்கொள்ளாமல், மாதங்கியின் ஆறுதலையும் அந்தப் பிடி மண்ணையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும்.