தெளுவு

சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கும் புளிக்காத பனஞ்சாற்றைப் பிற ஜில்லாக்காரர்கள் பதநீர் என்றும் பதனி என்றும் வழங்க, பல்லடம், காங்கயம், தாராபுரம் முதலிய கொங்கு வட்டாரங்களில் அதனைத் தெளுவு என்கிறார்கள். 'தெளி' என்னும் வினையடியில் பிறந்த தெளிவு என்பதே பேச்சுவழக்கில் இவ்வாறு திரிந்தது என்று கொள்வது பொருத்தமாகும். சுண்ணாம்பு அடியில் படிந்தபின் மேலே நிற்கும் தெளிநீரைத்தானே வடித்தெடுக்கிறோம்?

சங்க நூல்களில் பயிலும் தேறலும், தெளிதல் என்னும் பொருளுடைய 'தேறு' என்னும் வினையின் வழி வந்ததே. எனினும் தேறல் லாகிரி தருவது, தெளுவோ சுண்ணாம்பின் காரத்தால் நொதித்தல் தடுக்கப்பட்டு, கள்ளாகுமுன் நிறுத்தப்பட்ட பானம்.

பியர் ரசிகர்கள் ஆலைக்கு ஆலை ருசி பார்த்து அபிப்பிராயம் கூறுவதை நூதன சாஸ்திரமென்று வியப்பவர்கள், ஓலைப்பட்டையில் தெளுவை ஒரு மடக்கு உறிஞ்சியவுடன் சுண்ணாம்பு மிஞ்சியதா, வெயில் ஏறி இறக்கியதா என்று சொல்லிவிடும் நம் கிராமத்துக் கிழவர்களைக் கண்டதில்லை போலும். பனியன் கம்பெனிகள் மலிந்த திருப்பூரில் தெளுவு என்னும் சொல் அருகி, பதநீர் என்ற பொதுப்பெயர் பரவிவருவது எனக்கு உவப்பாக இல்லை. கலயம் வைத்து விற்பவராவது பலகையில் தெளுவு என்றே எழுதலாம்.