நீரைக் காத்த காரை: ஹவ்ளுகளின் வரலாறு தரும் பாடம்

 



நமது பள்ளிவாசல் ஹவ்ளில் இஷாவுக்குப் பின் நிரப்பும் நீர், ஃபஜ்ருக்குள் ஒரு படி இறங்கிவிடுவதைத் தாங்கள் அறிவீர்கள். மீண்டும் சிமெண்ட் பூசலாம் என்கின்றனர் சிலர். பண்ணைக் குட்டைகளில் விரிக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் விரிப்பைப் பதிக்கலாம் என்கின்றனர் வேறு சிலர். பொதுக்குழு முடிவெடுக்கும் முன், நீர்நிலைகளின் உட்புறத்தை நம் முன்னோர் எதனால் மூடினர் என்பதை அறிவது பயன் தரும்.

கசிவு சிறு விஷயமன்று. ஷாஃபிஈ மத்ஹபில், இரண்டு குல்லத்திற்குக் குறைந்த நீரில் நஜீஸ் விழுந்தால், நிறமும் சுவையும் மணமும் மாறாவிடினும் அந்நீர் அசுத்தமாகிவிடும். ஹனஃபீ மத்ஹபின் பிற்கால அறிஞர்கள், பத்து முழத்துக்குப் பத்து முழம் பரப்பும், கையால் அள்ளும்போது தரை வெளிப்படாத ஆழமும் உள்ள ஹவ்ளையே பெரும் நீராகக் கணித்தனர். எனவே வற்றி இறங்கும் ஹவ்ளு தண்ணீரை மட்டுமல்ல, அத்தண்ணீரின் சட்ட நிலையையும் இழக்கக்கூடும். ஒளூவிலேயே வீண்விரயம் கூடாது என்று கற்ற நாம், மண்ணுக்குள் வக்ஃபுச் சொத்தை இரவெல்லாம் ஊற்றிக்கொண்டிருத்தல் தகுமா?

கலீஃபா ஹாரூன் அர்ரஷீத் (ஆட்சி ஹிஜ்ரி 170-193, கி.பி. 786-809) அவர்களின் துணைவியார் ஜுபைதா அம்மையார், கூஃபாவிலிருந்து மக்கா செல்லும் ஹாஜிகளின் பாலைவனப் பாதையில் கிணறுகளும் நீர்த்தொட்டிகளும் அமைத்தார்கள். அப்பாதை இன்றும் 'தர்ப் ஜுபைதா' என்றே அழைக்கப்படுகிறது. 'பிர்கா' எனப்படும் அத்தொட்டிகள் சில வட்டம், சில சதுரம். கல்லால் கட்டி, உட்புறம் சுண்ணாம்புக் காரை பூசி, மழைவெள்ளத்தின் வண்டல் முதலில் படிய முன்தொட்டியும் வைத்தனர். அம்மையார் மறைந்தது ஹிஜ்ரி 216 (கி.பி. 831). அத்தொட்டிகள் பலவற்றை இன்றும் அப்பாலையில் காணலாம்.

ஹிஜ்ரி 50 (கி.பி. 670) இல் உக்பா இப்னு நாஃபிஉ அவர்கள் நிறுவிய கைரவான் நகரம் இன்றைய துனீசியாவில் உள்ளது. அங்கே அஃலபிய்ய அமீர் அபூ இப்ராஹீம் அஹ்மத் (ஆட்சி கி.பி. 856-863) கட்டிய பெரிய நீர்த்தொட்டியின் குறுக்களவு சுமார் 128 மீட்டர்; ஆழம் சுமார் 5 மீட்டர். தொலைதூரக் குன்றுகளிலிருந்து கால்வாய் வழியே வந்த நீர், பக்கத்துச் சிறு தொட்டியில் தெளிந்து இதனுள் புகுந்தது. சுவர்கள் கல்லும் காரையும். அவற்றின் மேல் நீர்புகாப் பூச்சு. நீரின் அழுத்தத்தைத் தாங்க உள்ளும் புறமும் அணைதூண்கள். பூச்சு நீரைத் தடுத்தது. சுவரோ பாரத்தைத் தாங்கியது. ஒன்றின் வேலையை மற்றொன்றின் தலையில் அவர்கள் சுமத்தவில்லை.

யமன் நாட்டாரின் 'கதாத்' எனும் பூச்சு இன்னும் நுட்பமானது. சுண்ணாம்புடன் எரிமலைக் கல்லின் பொடியைச் சேர்த்துப் பல அடுக்குகளாகப் பூசுவர். கற்களால் நாட்கணக்கில் தட்டித் தேய்த்து இறுக்குவர். இறுதியில் விலங்குக் கொழுப்பைத் தடவி மெருகேற்றுவர். ரதாஉ நகரில் ஹிஜ்ரி 910 (கி.பி. 1504) இல் எழுந்த ஆமிரிய்யா மத்ரஸா, 1980-களில் தொடங்கிய திருப்பணியில் இதே கதாத் முறையில் புதுப்பிக்கப்பட்டது. மறைந்துகொண்டிருந்த அக்கைத்தொழிலைக் கொத்தர்கள் மீண்டும் கற்றனர். அப்பணிக்கு 2007 இல் ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது.

இதன் உட்பொருள் எளிது. வெறும் சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை உட்கொண்டே இறுகும்; நீருக்கடியில் இறுகாது. எரிமலைப் பொடியையோ சுட்ட செங்கல்லின் தூளையோ சேர்த்தால், அவற்றிலுள்ள சிலிக்கா சுண்ணாம்புடன் கூடி நீரில் கரையாத பொருளாகிறது. ரோமானியரும் இதனை அறிந்திருந்தனர். நம் நாட்டில் அச்செங்கல் தூளே 'சுர்க்கி'. நம் பகுதிக் கொத்தர்கள் காரையில் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்தனர்.

இப்போது நம் ஹவ்ளுக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் இதே கசிவு தோன்றியபோது, "சிமெண்ட் பூசிவிடுங்கள், விரைவில் முடியும்" என்று கூறியவன் அடியேன்தான். அந்தப் பூச்சு தகடு தகடாகப் பெயர்ந்துவிட்டது. காரணம் பின்னரே புரிந்தது. பழைய காரைச் சுவர் மென்மையானது. வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஏற்பச் சற்றே அசைவது. சிமெண்டோ விறைப்பானது. சுவருக்குள் சிக்கிய ஈரமும் உப்பும் வெளியேற வழியின்றி அதனைத் தள்ளிவிட்டன. அறியாததை அறிந்தவன்போல் கூறியது என் பிழை, ஜமாஅத்தார் பொறுத்தருள்க.

பிளாஸ்டிக் விரிப்பும் தன் இடத்தில் நன்மையே. மனிதர் இறங்காத மண்குட்டைக்கு அது ஏற்றது. குறைந்த செலவில் நீரைக் காக்கும். ஆனால் நமது ஹவ்ளில் படிகள் உண்டு, மூலைகள் உண்டு. மாதந்தோறும் இறங்கித் துடைப்பத்தால் தேய்க்கிறோம். ஓரிடத்தில் கிழிந்தால் நீர் அதன் பின்னே ஓடும். கசிவு எங்கேயென்று கண்டறிவதும் கடினம்.

ஆகவே அடியேனின் பணிவான கருத்து: சிமெண்ட் பூச்சை முற்றிலும் அகற்றி, சுவர் உறுதியாக உள்ளதா என்று பொறியாளரிடம் காட்டி, பழைய காரை வேலை அறிந்த கொத்தரைக் கொண்டு சுண்ணாம்பு சுர்க்கிப் பூச்சு இடுவதே தகும். அவசரம் வேண்டாம்; பூச்சு நன்கு இறுகும்வரை ஈரம் காய விடலாகாது. முதலில் நிரப்பும் நீரில் சுண்ணாம்பின் காரம் இறங்கும். அது தோலை எரிக்கும், மீன்களைக் கொல்லும். சிலமுறை நிரப்பி வடித்த பின்னரே ஒளூவுக்குத் திறக்க வேண்டும். அதுவரை குழாய்களில் ஒளூ செய்வதைச் சிரமமாகக் கருத வேண்டாம்.

ஜுபைதா அம்மையார் கட்டிய தொட்டியில் நீரருந்திய ஹாஜிகளில் பெரும்பாலோர் அவர்களைக் கண்டதில்லை. நாம் செப்பனிடும் ஹவ்ளில் ஒளூ செய்யப்போகும் பேரப்பிள்ளைகளும் நம்மைக் காணமாட்டார்கள். ஸதகத்துல் ஜாரியா என்பது அதுவன்றோ! பார்ப்பதற்கு விரைவானதையல்ல, நிலைத்துப் பயன் தருவதைத் தேர்ந்தெடுக்கும் தெளிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.