தாள்படத்திலிருந்து திரைக்கு: சேலம்–நாமக்கல் சமவெளியில் குளிர்பதனக் கல்வி

சேலம்–நாமக்கல் சமவெளியில் குளிர்பதனம் பாடநூலோடு நின்றுவிடும் பொருளன்று. கறந்த பாலை ஏறத்தாழ 4 பாகை செல்சியசுக்குக் குளிர்விக்கும் நிலையங்களும், நாமக்கல் முட்டையைக் கடல்கடந்து கொண்டுசெல்லும் குளிர்கொள்கலன்களும் அதை நம்பியுள்ளன. இங்குத் தொழில்நுட்பக் கல்வி இரு காலக்கட்டங்களில் பரவியது. சேலம் தியாகராஜர் பாலிடெக்னிக் 1958இலும் அரசு பொறியியல் கல்லூரி 1966இலும் தோன்றின. திருச்செங்கோடு கே.எஸ்.ரங்கசாமி தொழில்நுட்பக் கல்லூரி 1994இலும் சேலம் சோனா கல்லூரி 1997இலும் தொடங்கப்பெற்றன.

முற்பட்ட காலத்து மாணவருக்குக் கருவி அழுத்த–என்தால்பி வரைபடமே. என்தால்பியை அச்சாகக் கொண்ட வரைபடத்தை 1904இல் ரிச்சர்டு மோலியர் வகுத்தளித்தார். ஓடாத இயந்திரத்தை ஓடுவதாகக் கொண்டு தாளில் கணிக்கும் அவ்வரைபடமும் ஒருவகை ஒப்புருவாக்கமே. ஆகவே இயந்திரத்தை விட்டு மாணவரை முதலில் விலக்கியது கணினி என்னும் கருத்து ஏற்கத்தக்கதன்று. பின்னர் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கூல்பேக் மென்பொருளும், நடுவண் அரசின் மெய்நிகர் ஆய்வகத் திட்டமும் கட்டணமின்றிக் கிடைத்தன. பின்னதில் கோவை அமிர்தா பல்கலைக்கழகமும் பங்கேற்றது.

திரையால் நேர்ந்த மாற்றத்தை ஒரு கணக்கே காட்டும். ஆர்-134ஏ குளிர்பொருள், ஆவியாக்கி வெப்பநிலை கழித்தல் 10 பாகை, கண்டென்சர் வெப்பநிலை 40 பாகை எனக் கொண்டால், இலட்சியச் சுழற்சியின் செயல்திறன் கெழு ஏறத்தாழ 4. ஆயின் சேலத்துக் கோடையில் காற்றே 40 பாகையைத் தொடும் நாள்கள் உண்டு. காற்றால் குளிரும் கண்டென்சர் அக்காற்றினும் வெப்பமாக இருந்தால்தான் வெப்பத்தை வெளியேற்ற இயலும். அதனை 50 பாகை எனக் கொண்டால் கெழு ஏறத்தாழ 3ஆகக் குறைகிறது. அதே குளிர்ச்சிக்கு மூன்றிலொரு பங்கு கூடுதல் ஆற்றல் தேவைப்படுகிறது. தாளில் இதனை அறியச் சுழற்சியை மீண்டும் வரைந்து, புள்ளிகளை அளவுகோலால் படித்தாக வேண்டும். திரையில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். பாடநூலின் 40 பாகை உள்ளூர் வெயிலுக்கு இடம்விடுகிறது. 1987ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் ஆர்-12 வழக்கொழிந்தபோது அதன் தாள்படங்களும் பயனிழந்தன. மென்பொருளிலோ குளிர்பொருளின் பெயரை மாற்றுவதோடு வேலை முடிந்தது.

எனினும் திரை தாள்படத்தின் வாரிசேயன்றிச் சோதனைப் பொறியின் வாரிசன்று. இவ்வேறுபாடு அடிக்கடி மறக்கப்படுகிறது. தமிழகத்தில் 2008 முதல் சில ஆண்டுகள் நீண்ட மின்வெட்டு நிலவியது. நிலைத்த நிலையை எட்ட நெடுநேரம் ஓடவேண்டிய பொறியைவிடக் கணினி எளிய துணையாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் திரையின் கண்டென்சரில் தூசு படிவதில்லை. குழாய் இணைப்பில் கசிவு இல்லை. வெப்பச் சமன்பாடு எப்போதும் பிசகின்றிப் பொருந்துகிறது. ஆய்வகப் பொறியில் அது பொருந்துவதில்லை. அளந்த கெழு கணித்ததைவிடக் குறைந்து நிற்கும்போதுதான் கம்ப்ரசரின் இழப்பு எங்கே, வெப்பமானியின் பிழை எவ்வளவு என்ற கேள்விகள் எழுகின்றன. பால் நிலையத்துப் பொறியாளர் கோடை நண்பகலில் எதிர்கொள்வனவும் இக்கேள்விகளே.