முதலில் இறங்குவது யார்?

ஐரோப்பிய நிலக்கரிச் சுரங்கங்களில் மீத்தேன் இருக்கிறதா என்று பார்க்க ஒரு காலத்தில் ஆளைத்தான் அனுப்பினார்கள். நனைத்த சாக்கைப் போர்த்திக்கொண்டு, நீளமான கம்பின் நுனியில் மெழுகுவத்தியை ஏற்றிப் பிடித்தபடி அவர் தரையோடு தரையாகத் தவழ்ந்து போவார். மீத்தேன் காற்றைவிட லேசானது, கூரையை ஒட்டித் தேங்கி நிற்கும். கம்பை உயர்த்தினால் அது பற்றி எரிந்து தீரும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் உள்ளே போவார்கள். அந்தக் கோலத்தைப் பார்த்துப் பிரெஞ்சுக்காரர்கள் அவருக்கு வைத்த பெயருக்கு 'பாவத்துக்கு வருந்துபவர்' என்று பொருள். அவர் என்ன பாவம் செய்தார் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

வாயு கண்டறியும் கருவிகளின் கதையை எங்கே தொட்டாலும் எனக்கு இந்த ஆள்தான் ஞாபகத்துக்கு வருகிறார். கருவி மாறுகிறது. முதலில் இறங்குவது யார் என்ற கேள்வி மட்டும் மாறுவதில்லை.

1812இல் இங்கிலாந்தின் ஃபெல்லிங் சுரங்கம் வெடித்து 92 பேர் இறந்தார்கள். 1815இல் ஹம்ஃப்ரி டேவி தன் விளக்கை உருவாக்கினார். சுடரைச் சுற்றி மெல்லிய கம்பிவலை. வலை சூட்டை இழுத்துக்கொள்வதால் வெளியே இருக்கும் வாயு பற்றாது. மீத்தேன் இருந்தால் சுடரின் மேல் நீலத் தொப்பி மாதிரி ஒன்று தெரியும். ஆக விளக்கே கருவியாகவும் ஆனது. ஆனால் அந்தத் தைரியத்தில் முதலாளிகள், ஆபத்தானவை என்று மூடிவைத்திருந்த பகுதிகளையும் திறந்து ஆட்களை அனுப்பினார்கள். கருவி வந்ததால் ஆபத்து குறையவில்லை, இன்னும் ஆழத்துக்கு நகர்ந்தது.

1890களில் ஜான் ஸ்காட் ஹால்டேன், சுரங்க வெடிப்புகளில் இறந்த பலரைக் கொன்றது தீயல்ல, கார்பன் மோனாக்சைடு என்று காட்டினார். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அவர் யோசனைப்படி சிறு பிராணிகள் சுரங்கத்துக்குள் போயின. கேனரிப் பறவைக்குச் சின்ன உடம்பு, வேகமான மூச்சு. மனிதனுக்கு முன்னால் அது மயங்கிச் சாயும். பிரிட்டனில் 1986இல்தான் அந்தப் பறவைகளுக்கு ஓய்வு கிடைத்தது.

இதற்கிடையில் எண்ணெய் யுகம் வந்துவிட்டது. எண்ணெய்க் கப்பல்களின் தொட்டிகள் வெடித்துக்கொண்டிருந்தன. 1920களில் கலிஃபோர்னியாவின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தில் ஆலிவர் ஜான்சன் பிளாட்டினக் கம்பியைச் சூடாக்கி ஒரு மீட்டர் செய்தார். எரியக்கூடிய வாயு பட்டால் கம்பியின் மேல் எரியும், மின்தடை மாறும், முள் நகரும். வெடிப்பதற்கு வாயு குறைந்தது எவ்வளவு வேண்டுமோ அதில் எத்தனை சதவீதம் சேர்ந்திருக்கிறது என்று சொல்லும். யார்டில் நாங்கள் 'எல்இஎல்' என்று சொல்வது இதைத்தான். இன்றைய மீட்டர்கள் பலவற்றில் இருப்பதும் அதே தத்துவம்தான்.

எண்ணெய்க் கப்பலுக்கென்றே பிறந்த கருவி அது. பிறந்து அரை நூற்றாண்டு கழித்து, 1978 அக்டோபர் 12 அன்று, சிங்கப்பூரின் ஜூரோங் ஷிப்யார்டில் பழுதுபார்க்க நின்றிருந்த 'ஸ்பைரோஸ்' என்ற கிரேக்க எண்ணெய்க் கப்பல் வெடித்தது. மதியச் சாப்பாடு முடிந்து ஆட்கள் வேலைக்குத் திரும்பியிருந்த நேரம். 76 பேர் இறந்தார்கள். இந்த ஊரின் மிக மோசமான தொழிலிட விபத்து அது. வெட்டும் டார்ச்சின் நெருப்பு, கப்பலின் பின்பக்க எரிபொருள் தொட்டியில் சேர்ந்திருந்த ஆவியைப் பற்றவைத்தது என்று விசாரணைக் குழு கண்டது. கப்பலின் சொந்த எரிபொருளாகப் பயன்படும் கனமான எண்ணெய் சாதாரண வெப்பத்தில் சுலபமாக ஆவியாகாது. ஆனால் இந்தத் தொட்டியில் கச்சா எண்ணெய் கலந்திருந்தது. தொட்டியின் மேல் எழுதியிருக்கும் பெயர் ஒன்று, உள்ளே இருக்கும் காற்று வேறு. பெயரைப் பார்த்து நம்புவதற்கும் காற்றை அளந்து பார்ப்பதற்கும் இடையில் அன்று 76 உயிர்கள் போயின.

இப்போது தொட்டிகளில் இறங்குபவர்களில் நிறைய பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். புதுக்கோட்டைப் பக்கத்து அண்ணன் ஒருவருக்கு மீட்டரின் நான்கு எண்களை விளக்கிக்கொண்டிருந்தேன். ஆக்சிஜன், எல்இஎல், கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு. கடைசி வாயு அழுகிய முட்டை மாதிரி நாறும், ஆனால் பத்து லட்சத்தில் 100 பங்கைத் தொட்டால் மூக்கே மரத்துப்போகும், நாற்றம் போய்விட்டது என்று நினைத்தால் அங்கேதான் சாவு என்றேன். அவர் தலையாட்டினார்.

"எங்க ஊர்ல பாழுங்கிணத்துல இறங்குறதுக்கு முன்னாடி விளக்கக் கயித்துல கட்டி விடுவோம் தம்பி. அணைஞ்சிட்டா எவனும் இறங்க மாட்டான்."

"இதுவும் அதே மாதிரிதாண்ணே. ஆனா விளக்குக்கு இந்த நாலும் தெரியாது."

"சரி, இது கத்துனா நான் ஏறி வந்துடலாமா? இல்ல சூப்பர்வைசர்கிட்ட கேக்கணுமா?"

சட்டப்படி பதில் சுலபம். அடைபட்ட இடங்களுக்கான 2009ஆம் ஆண்டின் சிங்கப்பூர் விதிமுறைகளின்படி ஆக்சிஜன் 19.5க்கும் 23.5 சதவீதத்துக்கும் இடையில் இருக்க வேண்டும், எல்இஎல் 10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் யாரும் உள்ளே இருக்கக் கூடாது. ஆனால் அவர் கேட்டது சட்டத்தைப் பற்றி அல்ல. நாள்கூலிக்காரர் ஒருவர் அலாரத்தை நம்பி வேலையை நிறுத்தினால் மறுநாளும் அவருக்கு வேலை இருக்குமா என்பதுதான் கேள்வி. "அது சும்மா கத்தும், செய்" என்று சொல்லும் குரலைப் பல யார்டுகளில் கேட்டவர்கள் இருக்கிறார்கள்.

2024 மே 23 அன்று சோவா சூ காங் நீர் நிலையத்தில், தொட்டி சுத்தம் செய்யும் வேலையில் இருந்த இந்தியத் தொழிலாளர் ஒருவர் ஹைட்ரஜன் சல்பைடால் இறந்தார். மலேசியர் இருவர் மருத்துவமனைக்குப் போனார்கள். கேனரி ஓய்வுபெற்று 38 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பாழுங்கிணற்றில் விளக்கை இறக்கியவர்கள், இறங்கப் போகிறவனின் பங்காளிகள், அக்கம்பக்கத்தார். விளக்கு அணைந்தால் முடிவு அங்கேயே எடுக்கப்பட்டது. நம் மீட்டர் அந்த விளக்கைவிட நூறு மடங்கு புத்திசாலி. அது கத்தும்போது முடிவெடுக்கும் உரிமையைத்தான் இறங்குகிறவர் கையில் நாம் இன்னும் முழுசாகக் கொடுக்கவில்லை. அந்த அண்ணனிடம், "ஏறி வந்துடுங்கண்ணே, கேக்க வேண்டாம்" என்றேன். "நீங்க சொல்றீங்க" என்று சிரித்துவிட்டு மீட்டரைச் சட்டையில் மாட்டிக்கொண்டார்.