கட்டணத் திட்டங்கள் இன்றி உடல் எடையைக் குறைத்தல்

நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், முழங்கால் மூட்டுத் தேய்மானம் போன்றவற்றிற்குச் சிகிச்சை பெறுபவர்களிடம் மருத்துவர்கள் பெரும்பாலும் உடல் எடையைக் குறைக்குமாறு கூறுவர். எவ்வாறு குறைப்பது என்பதை விரிவாகக் கேட்கப் புறநோயாளிகள் பிரிவில் நேரம் கிடைப்பது அரிது. அந்த இடைவெளியில்தான் மாதக் கட்டணம் பெறும் உணவுத் திட்டங்களும், டப்பாவில் அடைத்து விற்கப்படும் மாவுகளும், சில வாரங்களில் பத்துக் கிலோ குறையும் என்னும் விளம்பரங்களும் நுழைகின்றன. இவற்றில் எதையும் வாங்காமல், வீட்டில் சமைக்கும் உணவைக் கொண்டே எடையைக் குறைப்பது குறித்து இப்பக்கம் விளக்குகிறது. திருவள்ளூர் மாவட்டத்தில், ஆந்திர எல்லையை ஒட்டிய ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டு, திருத்தணி வட்டாரங்களில் வாழும் நோயாளிகளையும் அவர்களைப் பராமரிப்பவர்களையும் மனத்தில் கொண்டு இது எழுதப்பட்டுள்ளது.

உங்கள் எடை அதிகமா?

உடல் எடையைக் கிலோகிராமில் எழுதி, உயரத்தின் (மீட்டரில்) இருமடிப் பெருக்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறை குறியீட்டெண் ஆகும். உலக அளவில் 25-க்கு மேல் இருந்தால் அதிக எடை என்பர். இந்தியர்களுக்கு இவ்வெல்லை 23 ஆகும். 25-ஐ எட்டினால் அது உடல் பருமன். நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றைச் சுற்றியும் உள்ளுறுப்புகளிலும் கொழுப்பு சேர்ந்துவிடுவதே இதற்குக் காரணம். ஆகவே இடுப்புச் சுற்றளவையும் அளந்து பாருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே நாடாவை வைத்து, இயல்பாக மூச்சை வெளிவிட்ட நிலையில் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருப்பது நல்லது.

இது நகரத்துச் செல்வந்தர்களின் சிக்கல் என்று எண்ண வேண்டாம். 2019-21 ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 37 விழுக்காட்டினருக்கும் இக்குறியீட்டெண் 25 அல்லது அதற்கு மேல் இருந்தது. அதற்கு முந்தைய ஆய்வில் பெண்களின் அளவு 30.9 விழுக்காடு.

இலக்கு எவ்வளவு இருக்க வேண்டும்? 160 சென்டிமீட்டர் உயரமும் 70 கிலோ எடையும் உள்ள ஒருவரின் குறியீட்டெண் 27.3. அவர் 59 கிலோவுக்கு வந்தால்தான் 23 என்னும் அளவை எட்டுவார். இதைக் கேட்டவுடன் பலர் முயற்சியையே கைவிட்டுவிடுகின்றனர். ஆனால் தற்போதைய எடையில் 5 விழுக்காடு, அதாவது மூன்றரைக் கிலோ குறைந்தாலே இரத்தச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சீரடையத் தொடங்கும். முதல் ஆறு மாதங்களுக்கு அதையே இலக்காகக் கொள்ளுங்கள். வாரத்திற்கு அரைக் கிலோ என்பது பாதுகாப்பான வேகம். அதைவிடக் குறைவான வேகமும் தவறன்று.

தறி மாறியது, தட்டு மாறவில்லை

இவ்வட்டாரத்தில் நெசவே பல குடும்பங்களின் தொழில். கைத்தறியில் அமர்ந்தவர் நாள் முழுவதும் கால்களால் மிதித்து, கைகளால் நாடாவை ஓட்டினார். விசைத்தறி வந்தபின் அவ்வுழைப்பை மின்விசை ஏற்றுக்கொண்டது. நூல் அறுந்தால் முடிவதும், தார் மாற்றுவதும், தறிகளுக்கு இடையே நின்று கண்காணிப்பதுமே இன்றைய வேலை. களைப்பு உண்டு, பேரிரைச்சலும் இரவு ஷிப்டும் தரும் களைப்பு அது. ஆனால் களைப்பும் உடலுழைப்பும் ஒன்றல்ல. மிதித்த காலத்தில் உண்ட அளவு சோறு நிற்கும் காலத்திலும் தட்டில் இருந்தால், மிகுதி கொழுப்பாகச் சேர்வது இயல்பே. இதில் யாருடைய பேராசையும் இல்லை.

தட்டில் செய்யத்தக்க மாற்றம்

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள், நாளொன்றுக்கு 2000 கலோரி கொண்ட உணவில் 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பு வகை, 500 கிராம் காய்கறி மற்றும் பழங்கள், 300 மில்லிலிட்டர் பால் இருக்கலாம் எனப் பரிந்துரைக்கின்றன. தானியம், பருப்பு ஆகியவற்றின் அளவு சமைப்பதற்கு முந்தைய எடையாகும். நம் வீடுகளில் இவ்விகிதம் பெரும்பாலும் தலைகீழாக உள்ளது. நான்கு பேர் உள்ள குடும்பம் ஆளுக்கு 85 கிராம் பருப்பு உண்ண வேண்டுமானால் மாதம் ஏறத்தாழ 10 கிலோ தேவை. நியாயவிலைக் கடையில் ஓர் அட்டைக்குக் கிடைப்பது 1 கிலோ துவரம் பருப்பு. எனவே கொள்ளு, காராமணி, பச்சைப்பயறு, முட்டை, மீன் ஆகியவற்றையும் சேர்த்தே இக்கணக்கை நிறைவு செய்ய இயலும்.

நடைமுறையில் ஒரே ஒரு மாற்றத்துடன் தொடங்குங்கள். சோற்றை முதலில் பரிமாறாமல், பொரியல், கூட்டு அல்லது கீரையைத் தட்டின் பாதியளவுக்கு முதலில் வையுங்கள். எஞ்சிய பாதியில் சோற்றுக்கும் பருப்பு வகைக்கும் இடம் கொடுங்கள். ஒரு சிறு கிண்ணம், அதாவது ஏறத்தாழ 150 கிராம் வெந்த சோற்றில் சுமார் 200 கலோரி உள்ளது. பகலில் ஒரு கிண்ணமும் இரவில் ஒரு கிண்ணமும் குறைத்தால் நாளொன்றுக்கு 400 கலோரி குறையும். அந்த இடத்தைக் காய்கறியால் நிரப்பாவிட்டால் பத்து மணிக்குப் பசி வந்து முறுக்கைத் தேடுவீர்கள்.

எல்லைப்புற வீடுகளில் கேழ்வரகுக் களியும், தெலுங்கு பேசுவோரின் ராகி சங்கட்டியும் வழக்கத்தில் உள்ளன. நார்ச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் மிகுந்த நல்லுணவு இது. எனினும் கேழ்வரகின் கலோரி அரிசியினதற்குச் சற்றே குறைவு, அவ்வளவுதான். இரண்டு பெரிய உருண்டைகளுடன் சோறும் உண்டால் எடை குறையாது. சோற்றுக்கு மாற்றாக ஓர் உருண்டையும் நிறையக் கீரையும் உண்டால் பசி தாங்கும்.

கொழுத்தவனுக்குக் கொள்ளு என்னும் பழமொழியால் பலர் காலையில் கொள்ளு வேகவைத்த நீரைக் குடிக்கின்றனர். கொழுப்பைக் கரைக்கும் தனித்தன்மை அந்நீருக்கு இல்லை. கொள்ளின் பயன் அதன் புரதத்திலும் நார்ச்சத்திலும் இருக்கிறது. ஆகவே நீரை மட்டும் வடித்துக் குடிக்காமல் சுண்டலாகவோ துவையலாகவோ பருப்பையே உண்ணுங்கள். சிறுநீரக நோய் உள்ளவர்கள் பருப்பு வகைகளைக் கூட்டும் முன் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாமல் சேர்பவை இரண்டு. முதலாவது தேநீர். இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையுடன் ஒரு நாளில் ஐந்து முறை குடித்தால் 50 கிராம் சர்க்கரை, அதாவது 200 கலோரி. இரவு ஷிப்டில் இருப்பவர்களுக்கு இது எளிதில் நிகழும். ஒரேயடியாக நிறுத்த இயலாவிட்டால், வாரம் அரைத் தேக்கரண்டி வீதம் குறையுங்கள், நாக்கு பழகிவிடும். நாட்டுச் சர்க்கரைக்கும் வெல்லத்திற்கும் இதே கணக்குதான். இரண்டாவது எண்ணெய். எந்த எண்ணெயாயினும் ஒரு தேக்கரண்டியில் 45 கலோரி உள்ளது. நான்கு பேருக்கு மாதம் 2 லிட்டர் என்று அளந்து, தனிப் பாத்திரத்தில் ஊற்றி வைத்துக்கொண்டால், ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று தேக்கரண்டி என்னும் அளவில் நிற்கும்.

பராமரிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நோயாளிக்கு மட்டும் தனிச்சமையல் செய்யும் ஏற்பாடு நெடுநாள் நீடிப்பதில்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே குழம்பு, ஒரே பொரியல், அளவில் மட்டும் வேறுபாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வளரும் குழந்தைகளுக்கும், கருவுற்றவர்களுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும் அளவைக் குறைக்கக் கூடாது.

விரதமும் மாத்திரையும்

திருத்தணி முருகனை வேண்டிக் கிருத்திகை, சஷ்டி நாள்களில் உண்ணாதிருப்போர் இப்பகுதியில் ஏராளம். அதை எடைக் குறைப்புக்கும் பயன்படுத்தலாமே என்று சிலர் எண்ணுகின்றனர். ஆரோக்கியமானவர்களுக்கு ஒரு நாள் விரதத்தால் தீங்கில்லை. ஆனால் பகல் முழுதும் பட்டினி கிடந்து இரவில் இருமடங்கு உண்டால் எடையும் குறையாது.

நீரிழிவு நோயாளிகளின் நிலை வேறு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளை உட்கொள்வோரும் இன்சுலின் போட்டுக்கொள்வோரும் உணவைத் தவிர்த்தாலோ திடீரெனப் பெருமளவு குறைத்தாலோ இரத்தச் சர்க்கரை அபாயகரமாக இறங்கக்கூடும். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, கடும் பசி, தடுமாற்றமான பேச்சு ஆகியன இதன் அறிகுறிகள். உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தெளிவு வராவிட்டால் மீண்டும் கொடுங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழையுங்கள். உணவைக் குறைக்கத் தொடங்கும் முன்பே மாத்திரை அளவை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது இதனால்தான் இன்றியமையாதது. இரத்த அழுத்த மாத்திரைகளுக்கும் இது பொருந்தும். எடை குறையும்போது எழுந்து நின்றவுடன் தலைசுற்றல் வந்தால், மாத்திரையை நீங்களே நிறுத்தாமல் மருத்துவரைப் பாருங்கள்.

நடையும் படியும்

திருத்தணி மலைக்கோயிலுக்கு 365 படிகள் உள்ளன. மலைமேல் வரை சாலை இருந்தும் படியேறிச் செல்வோர் இன்றும் உண்டு. படியேறுதல் மிகச் சிறந்த பயிற்சிதான். ஆனால் பல ஆண்டுகள் உழைப்பின்றி இருந்தவர் முதல் நாளே முழுவதும் ஏற முயலக் கூடாது. சமதளத்தில் பத்து நிமிட நடையுடன் தொடங்கி, ஓரிரு மாதங்களில் நாளொன்றுக்கு 30 நிமிடம் என்னும் அளவை எட்டுங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியாத வேகம் இருக்க வேண்டும். இதய நோயாளிகளும், நடக்கையில் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வருபவர்களும் முன்னதாகப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். நீரிழிவு உள்ளவர்கள் வெறுங்காலுடன் நடக்க வேண்டாம். வழிபாட்டிற்காக நடந்தாலும் திரும்பியதும் பாதங்களைக் கவனித்துப் பாருங்கள்.

நடையால் மட்டும் பெருமளவு எடை குறையாது. அரைமணி நேர நடையில் செலவாகும் ஆற்றலை இரண்டு வடைகள் எளிதில் ஈடுகட்டிவிடும். நடையின் உண்மையான பயன் வேறிடத்தில் உள்ளது; அதைத் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வு ஒன்றே காட்டியது.

எடை குறையாவிட்டாலும் கிடைக்கும் பயன்

சென்னையில் மருத்துவர் அ.ராமச்சந்திரன் தலைமையிலான குழு, நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரைக் கொண்டு நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-இல் வெளியானது. வழக்கமான கவனிப்பில் மட்டும் இருந்தவர்களுள் 55 விழுக்காட்டினருக்கு மூன்றாண்டுகளில் நீரிழிவு வந்தது. உணவைச் சீர்படுத்தி, நாள்தோறும் அரைமணி நேரமேனும் நடக்குமாறு ஆலோசனை பெற்றவர்களுள் அது 39.3 விழுக்காடாக இருந்தது. சிறப்பு மாவோ கட்டணத் திட்டமோ அவர்களுக்கு அளிக்கப்படவில்லை. கவனிக்கத்தக்க செய்தி இதுவே: இக்குழுவினரின் சராசரி எடை குறிப்பிடத்தக்க அளவில் குறையவும் இல்லை. எனவே எடைமுள் அசையவில்லை என்பதற்காக நடையையும் காய்கறியையும் கைவிட்டுவிடாதீர்கள்.

முதல் வாரத்தில் வேகமாகக் குறைவதில் பெரும்பகுதி நீரே. இரண்டு, மூன்று மாதங்களுக்குப் பின் எடை ஓரிடத்தில் நிற்பதும் இயல்பு. இளைத்த உடலுக்குத் தேவைப்படும் ஆற்றலும் குறைந்துவிடுகிறது. வாரம் ஒரு முறை, ஒரே கிழமையில், காலைக்கடன் முடித்து உண்பதற்கு முன் எடை பார்த்துக் குறித்து வைத்தால் போதும். நாள்தோறும் பார்த்தால் வீண் கவலையே மிஞ்சும்.

மாவுகள், மாத்திரைகள், ஊசிகள்

உணவுக்கு மாற்றாகக் குடிக்கும் மாவினால் எடை குறைவது உண்டு. மொத்தக் கலோரி குறைவதே அதற்குக் காரணம். மாவை நிறுத்திப் பழைய தட்டுக்குத் திரும்பினால் எடையும் திரும்புகிறது. லேபிள் இல்லாத மாத்திரைகளும் சூரணங்களும் இதைவிட ஆபத்தானவை. மாரடைப்பு, பக்கவாத அபாயத்தைக் கூட்டியதால் இந்தியாவில் 2011-இல் தடைசெய்யப்பட்ட சிபுட்ரமின் என்னும் மருந்து, மூலிகைத் தயாரிப்பு என்ற பெயரில் விற்கப்பட்ட பொருள்களில் மறைத்துக் கலக்கப்பட்டிருந்தது பல நாடுகளில் கண்டறியப்பட்டுள்ளது. அண்மையில் வந்துள்ள எடைக்குறைப்பு ஊசிகள் முறையான மருந்துகளே. எனினும் மருத்துவரின் பரிந்துரையும் தொடர் கண்காணிப்பும் இன்றி அவற்றைப் பயன்படுத்தக் கூடாது.

எங்கு, எப்போது உதவி பெறுவது

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் எடை, இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை ஆகியவற்றைக் கட்டணமின்றிப் பரிசோதித்துக்கொள்ளலாம். 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் வீட்டிற்கே வரும்போதும் இவற்றைக் கேளுங்கள். தைராய்டுக் குறைபாடு, சினைப்பை நீர்க்கட்டிகள், நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து ஆகியவற்றால் எடை கூடியிருந்தால் அதற்கான சிகிச்சையும் உடன் தேவைப்படும். கூடுதல் பரிசோதனைகளுக்குத் திருத்தணி அரசு மருத்துவமனையை அணுகலாம். தொலைபேசி வழி ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கவும்.

எவ்வித முயற்சியும் செய்யாமலே உங்கள் எடை குறைந்து வந்தால் அதை நற்செய்தியாகக் கருத வேண்டாம். கட்டுப்பாடற்ற நீரிழிவு, காசநோய், தைராய்டு மிகைச் சுரப்பு, புற்றுநோய் ஆகியவற்றின் முதல் அறிகுறியாகவும் அது இருக்கலாம். இரண்டு வாரங்களுக்கு மேற்பட்ட இருமலோ மாலைநேரக் காய்ச்சலோ உடன் இருந்தால், காலம் தாழ்த்தாமல் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.